நடு அணையில் கொதித்த எஞ்சின்

என் தம்பி கல்யாணத்துக்கு நான் எஞ்சின் ஓட்டிக்கொண்டு போனேன் என்று இன்றைக்கும் எங்கள் உறவில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது பொய். ஓட்டியது என் மாமியார். நான் தண்ணீர் ஊற்றினேன். எஞ்சினைக் கொதிக்க வைத்தது என் வீட்டுக்காரர். யார் என்ன செய்தோம் என்பதை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுக்காவில், பனைமரமும் கடலைக்காடுமாகக் கிடக்கிற மேட்டு நிலம் எங்களுடையது. எழுபதுகளில்தான் அங்கே கரண்ட் வந்தது. கிணற்றில் மோட்டார் வைத்ததும், அதுவரை தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அஞ்சு குதிரைச் சக்தி ஆயில் எஞ்சின் வேலையில்லாமல் மூலையில் உட்கார்ந்தது. ஓடுகிற சாமான் சும்மா கிடந்தால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. தினமும் சாயங்காலம் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். மாட்டைத் தடவிக் கொடுப்பது போல அதன் சக்கரத்தைத் தடவிக் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒரு நாள், அணை வேலைக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்த பழைய தட்டைப் படகு ஒன்றை வாங்கி வந்தார். பழைய இரும்புக் கடையில் படகைத் தள்ளுகிற விசிறி ஒன்றைப் பிடித்தார். பொள்ளாச்சி லேத்துப் பட்டறையில் அதற்குத் தண்டு கடைந்தார். எஞ்சினைப் படகில் ஏற்றித் திருகாணி போட்டு முடுக்கினார். எதற்கு இந்தக் கூத்து என்று யார் கேட்டாலும், கடலை மூட்டையை அக்கரைச் சந்தைக்குக் கொண்டு போகத்தான் என்பார். அக்கரையில் சந்தையே கிடையாது. அக்கரையில் இருந்தது என் அம்மா வீடு.

எங்கள் களத்து மேட்டில் நின்றால் அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அம்மா வீட்டுத் தென்னந்தோப்பு தெரியும். பார்க்கலாம், போக முடியாது. சாலை வழியாகப் போனால் இரண்டு பஸ் மாறி, இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பாதி நாள் போய்விடும். கல்யாணமாகி வந்த முதல் இரண்டு வருஷம் நான் அந்த மேட்டில் நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. படகு கட்டினார்.

இனி இணைச்சீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கத்தில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அவன் கூடப்பிறந்தவள் வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு முனையை மாப்பிள்ளையிடமும் மறுமுனையை அவளிடமும் கொடுத்து, பெரியவர் ஒருவர் சீர் செய்வார். நாளைக்கு இன்னொருத்தி வந்து உன் பக்கத்தில் உட்காரப் போகிறாள், அதற்கு முன்னால் நான் இருக்கிறேன் என்று ஊர் முன்னால் சொல்கிற மாதிரி. கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பாள். சீர் நிற்காது. ஆனால் ஒரு முறைதான் செய்வார்கள். அந்த இடத்தில் யார் நின்றாளோ அவள் நின்றதுதான்.

எனக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். ஆறு வயது சின்னவன். அவன் கல்யாணத்தில் அந்த இடத்தில் நிற்பதை நான் பாவாடை கட்டின காலத்திலிருந்து மனசில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

ஒரு வாரம் முன்னாலேயே போயிருக்க வேண்டியவள்தான். பந்தக்கால் நடுகிற அன்று போய்விட்டு, கடலைக்காய் பறிப்பு என்று திரும்பி வந்தேன். ஆவணி மாதம். மழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும் போல மூடிக்கொண்டு நின்றது. ஆள் கிடைத்த நாளில் பறித்தாக வேண்டும். பறித்து, ஆய்ந்து, களத்தில் சேர்த்து நிமிர்ந்தபோது கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆகிவிட்டது. இணைச்சீர் அன்று சாயங்காலம். மத்தியான பஸ் போய்விட்டது.

"ஒரு மணி நேரம் புள்ள. உன்ற அம்மா ஊட்டுத் தோப்புக்குள்ளயே கொண்டு போயி எறக்கி உட்டர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பஸ் போனதே அவர் வேண்டுதலோ என்று இருந்தது.

படகை அதற்கு முன்னால் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். கரையோரமாகக் கால் மணி நேரம் போய்த் திரும்புவார். நன்றாகத்தான் ஓடியது. எஞ்சினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு அதன்மேல் ஒரு தகர டிரம் வைத்திருந்தார். டிரம்மிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போகும், இன்னொரு குழாய் எஞ்சினிலிருந்து டிரம்முக்கே திரும்பி வரும். எஞ்சின் சூடாகாமல் இருக்க அந்தத் தண்ணீர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு வேறு நினைப்பு. அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, சீர்த் தட்டுகளையும் புதுப் பித்தளைக் குடத்தையும் தேங்காய் மூட்டையையும் ஏற்றி, மாமியாரையும் கை பிடித்து ஏற்றி, நாலரை மணிக்குக் கிளம்பினோம்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. படகிலும் தேங்காய் மூட்டைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாக்கு வெட்டிக்கொண்டு வந்தார். மேல்காற்று எதிரே அடித்தது. எஞ்சின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. பாதித் தூரம் வந்திருப்போம். அத்தை பாக்குவெட்டியை நீட்டிக் காட்டினார்.

"ஏஞ்சாமி, டிரம்முல பொக வருது. சோத்துக்கு ஒலை வெச்சிருக்கறயா?"

"பொகையில்லீம்மா. ஆவி."

"எதுவோ ஒண்ணு. வருது."

வெறும் ஆவி இல்லை. டிரம் முனகியது. சூடான பெயின்ட் நாற்றம் அடித்தது. எஞ்சின் சத்தம் கனத்து, ஏற்றத்தில் பாரவண்டி இழுக்கிற மாட்டின் மூச்சு மாதிரி ஆகிவிட்டது. அவர் டீசலை அடைத்தார். எஞ்சின் நின்றது. திடீரென்று அணை முழுக்க அமைதியாகிவிட்டது. அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. எதிர்க்கரையிலிருந்து காற்றில் மிதந்து வந்தது, என் தம்பி கல்யாண வீட்டு ரேடியோ செட்டின் நாதஸ்வரம்.

நான் பதறி எழுந்துவிட்டேன். ஆனால் அவர் பதற்றமே படவில்லை. சட்டியில் என்ன கருகுகிறது என்று பார்க்கிற சமையல்காரர் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் அளவுக் கம்பியை உருவி எண்ணெய் பார்த்தார். எண்ணெய் சரியாக இருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, விசிறியில் பாசியோ கொடியோ சுற்றியிருக்கிறதா என்று தடவினார். ஒரு கைப்பிடி பாசி வந்தது. இவ்வளவுக்கெல்லாம் எஞ்சின் கொதிக்காது என்று அவரே சொல்லி அதைத் தூக்கி எறிந்தார். மேலே வந்து ரப்பர் குழாயைச் சாக்கால் பிடித்து அழுத்தினார், உள்ளே காற்று அடைத்திருக்கிறதா என்று. அதுவும் இல்லை. கடைசியாகப் படகைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"பாரம் ஜாஸ்தியோ என்னமோ" என்றார்.

"என்னை எறக்கி உட்டர்றயா?" என்றார் அத்தை.

அதற்குள் காற்று படகைத் திருப்பிவிட்டது. நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்த பக்கமே போய்க்கொண்டிருந்தோம். மூங்கில் கழியை விட்டுப் பார்த்தார், அடி தொடவில்லை. என் தம்பி வீட்டுத் தோப்பு சின்னதாகிக்கொண்டே போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு அதற்கும் மேலே எங்கேயோ நின்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"தோட்டத்துல ஓடறப்ப இப்படிக் கொதிச்சுதுங்களா?"

"ஒரு நாளும் கொதிச்சதில்ல. பொழுதன்னிக்கும் ஓடும்."

"அங்க எந்தத் தண்ணிங்க எஞ்சினுக்குப் போகும்?"

"பம்பு எறைக்கற தண்ணியிலயே ஒரு சின்னக் கொழாயி இதுக்குப் போகும். பச்சத்தண்ணி புதுசு புதுசா வந்துட்டே இருக்குமல்லோ."

"சூடான தண்ணி?"

"வாய்க்கால்ல போயி வாழைக்கு உழும்."

"இங்கீங்க?"

"இங்க டிரம்முக்கே திரும்பி வரும்."

"எதுக்குங்க டிரம்முக்கே திரும்பி வரோணும்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதைக்கூடவா கேட்பாள் என்கிற பார்வை.

"வெளிய உட்டா வீணாப் போயிருமல்லோ புள்ள."

சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் அணையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வடக்கே மலை அடிவாரம் வரைக்கும் தண்ணீர். தெற்கே கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணீர். கையை நீட்டினால் தண்ணீர். அதன் நடுவில் ஒரு டிரம் கிணற்றுத் தண்ணீரை வீணாக்காமல் திருப்பித் திருப்பி விட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்.

"ஆமா, வீணாத்தான போகும்" என்றார் அத்தை. அவர் கிண்டல் செய்யவில்லை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் ஊரில் ஒரு சித்திரை மாதம் இருந்து பார்க்க வேண்டும். அணை எங்கள் கண் முன்னால்தான் கிடக்கிறது. ஆனால் அதன் தண்ணீர் மதகு வழியாக மேற்கே நெல் வயல்களுக்குப் போகும். மேட்டில் இருக்கிற எங்களுக்கு எங்கள் கிணறுதான். கோடையில் அடிப்பாறை தெரியும். அரிசி கழுவின தண்ணீர் மாட்டுக்கு, குளித்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு, துணி துவைத்த தண்ணீர் தென்னைக்கு என்று ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு இடம் உண்டு. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ மூடாமல் விட்ட குழாயை மூடுவதற்காகக் கிளம்பின பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினவர் என் வீட்டுக்காரர். பஸ் போய்விட்டது. நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். அப்பேர்ப்பட்ட மனுஷன், ஒரு குழாயின் வாயை வெளியே நீட்டிவிட்டுத் தண்ணீரைப் போக விடுவது என்பதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். கை வராது.

இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் தாம் தூம் என்று குதித்தேன். "ஒரு டிரம் தண்ணி வெளிய போனா அணை வத்திப் போயிருமுங்களா? அங்க என்ற தம்பி பக்கத்துல வேற ஒருத்தி நிக்கப் போறா, நீங்க இங்க டிரம்முக்குக் காவல் இருங்க" என்று கத்திக்கொண்டே, சீருக்கு வைத்திருந்த பித்தளைக் குடத்தை எடுத்து அணையில் முக்கி, தூக்கி, அப்படியே எஞ்சின் தலையில் ஊற்றப் போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் குரல் உயர்த்தினது அப்போதுதான்.

"ஊத்தாதே. இந்தச் சூட்டுல பச்சத்தண்ணி பட்டா இரும்பு விண்டு போயிரும். அப்பறம் ராத்திரி முச்சூடும் இங்கதான்."

குடத்தைக் கீழே வைத்தேன். எஞ்சின் தானாக ஆற வேண்டும், வேறு வழியில்லை என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அரை மணி நேரம் என்றார். சீரைச் சூரியன் இறங்குவதற்குள் செய்துவிடுவார்கள். சூரியன் அம்மா வீட்டுத் தோப்புக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது.

அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். அவர் சண்டைக்குச் சண்டை போடுகிறவர் இல்லை, எனக்குப் பாதி எரிச்சல் அதனாலேயே வரும். விரலைத் தண்ணீரில் நனைத்து எஞ்சின் தலையில் ஒரு சொட்டு வைப்பார். சுர்ரென்று பறந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. அதுவும் பறக்கும். நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் வராவிட்டால் நிற்க வேண்டிய பெரியப்பா மகளுக்கு இதற்குள் தலை வாரிப் பூ வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. அவள் நல்லவள். எனக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை. ஆனாலும் அந்த நிமிஷம் அவளுக்கு ஒரு சின்னக் காய்ச்சலாவது வரக் கூடாதா என்று நினைத்தேன். மனசு அவ்வளவு கேவலமாகப் போனது. அழுகை வந்தது, அழுதேன். அத்தை எனக்கு ஒரு துண்டு பாக்கு நீட்டினார்.

ஒரு வழியாக ஒரு சொட்டு பறக்காமல் நின்றது.

அதற்கப்புறம் அவர் கை வேகம் பிடித்தது. டிரம்மில் இருந்த கொதிநீரில் பாதியை அணையில் கொட்டினார். கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீதிக்கு அணைத் தண்ணீரை மொண்டு, குளிக்கிற பதத்துக்கு விளாவினார். திரும்பி வருகிற குழாயை டிரம்மிலிருந்து பிடுங்கி, படகின் விளிம்புக்கு இழுத்தார். விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அளவுகூட வரவில்லை. விட்டால் சுடுதண்ணீர் படகுக்குள்ளேயே விழும். கையால் பிடித்தால்தான் வெளியே போகும்.

"நான் இதைப் புடிச்சுக்கறேன். நீ டிரம்மு கொறையாம மொண்டு ஊத்திட்டே இருக்கோணும். நிறுத்தவே கூடாது" என்றார் என்னிடம்.

"சுக்கான் யாரு புடிக்கறது?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை வெற்றிலைப் பையைச் சுருட்டி இடுப்பில் செருகினார். "மாடு புடிக்கற மாதிரிதான? சோத்துக்கைப் பக்கம் போகோணும்னா எந்தப் பக்கம் இழுக்கோணும், அதை மட்டும் சொல்லிக் குடு" என்று எழுந்து பின்பக்கம் போனார். படகில் மட்டும் அது எதிர்மாறாக இருக்கும் என்று அவருக்குப் புரிய வைக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்த பிறகு ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை.

நான் குடத்தைக் கையில் எடுத்ததும் அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "சீர்க் கொடம்" என்றார். பிறகு அவரே, "போகட்டும். தண்ணி மோக்கத்தான கொடம். மொண்டு ஊத்து" என்றார்.

எஞ்சின் தலையில், சுற்றுவதை லேசாக்குகிற ஒரு சின்ன லீவர் உண்டு. அவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்றும்போது அதை நான் பிடித்துக்கொண்டிருந்து, அவர் சொன்னதும் விட வேண்டும். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்த டுக் டுக் சத்தத்தைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிவது, முக்குவது, தூக்குவது, ஊற்றுவது. குனிவது, முக்குவது, தூக்குவது. அவர் எனக்குப் பின்னால், டிரம்முக்கு அந்தப் பக்கம், குழாயைச் சாக்கு சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, அவர் முகத்தைப் பார்க்கிற மனசும் இல்லை. இருபது குடம் வரைக்கும் எண்ணினேன். அப்புறம் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. பட்டுச்சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து, நடக்கும்போது கல்லாகக் கனத்தது. குடம் பாதிதான் நிறைந்து மேலே வந்தது. ஒரு தடவை கை தவறி, குடத்தை அணையிலேயே விட்டிருப்பேன். டிரம் அடிவரைக்கும் போய்விட்டது என்று பயந்து பார்த்தேன். நல்ல வேளையாக அவ்வளவு குறையவில்லை. அதற்கப்புறம் டிரம் மெதுவாகத்தான் காலியானது. எனக்கு வேலை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மூச்சு நிதானமாக விட்டு ஊற்ற முடிந்தது.

தோப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. தென்னை மரங்களுக்கு நடுவே பந்தல் தெரிந்தது. அத்தை படகைத் தோப்புக்குள்ளேயே, சொன்ன இடத்தில், சேற்றில் கொண்டு போய் ஏற்றினார். நான் தட்டை எடுக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. குதித்து இறங்கி ஓடினேன்.

பந்தலில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். சீர் செய்கிற பெரியவர் கூறைச்சேலையைக் கொசுவிக் கையில் வைத்திருந்தார். என் தம்பி மாலையோடு நின்றான். அவன் பக்கத்தில் பெரியப்பா மகள். கூறையின் முனை அவள் கைக்குப் போக இன்னும் ஒரு சாண்தான் இருந்தது.

அவள் என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அக்கா வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு இடத்தை விட்டு விலகி, போகிற போக்கில் தன் முந்தானையால் என் கன்னத்தில் இருந்த கரியைத் துடைத்துவிட்டாள். இவளுக்கா காய்ச்சல் வரட்டும் என்று நினைத்தேன் என்று இருந்தது எனக்கு. பொம்பளைகள் நாலு பேர், ஈரச்சேலையோடவா, கரியோடவா, வேற சேலை எடுத்துட்டு வாங்க என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியவர் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஈரச்சேலை ஒண்ணும் தப்பில்லீங்க. கோயிலுக்கு அப்படித்தான போறோம். வந்து நில்லு அம்மிணி" என்றார்.

நின்றேன். கூறையின் முனையைக் கையில் வாங்கினேன். தண்ணீர் மொண்டதில் விரல் மடங்க மறுத்தது. தம்பி தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, டீசல் வாசம் வருது."

"பேசாம நில்றா."

அவன் சிரிப்பை அடக்கினான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததில் டீசல் வாசம் மட்டும் இருக்கவில்லை. மற்றபடி எல்லாம் அப்படியேதான் இருந்தது. எனக்கு நிறைந்துவிட்டது.

சீர் முடிந்ததும் ஆளாளுக்கு, மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் அந்த வீட்டுக்கு ஒரே மருமகன். இணைச்சீரில் பெண்டாட்டி நிற்கும்போது புருஷன் பந்தலில் இல்லையென்றால் ஊர் நாலு விதமாகப் பேசும். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கரை சேர்ந்த பிறகும் அந்த எஞ்சினைத் தடவிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். வழியில் அத்தை நின்றிருந்தார். முகம் சரியில்லை. சமையல் பந்தலில் சோற்றுக்கற்றாழை கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"சத்தம் போடாதே சாமி. போயிப் பாரு" என்று அதை என் கையில் கொடுத்தார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் அணைத் தண்ணீரில் விட்டிருந்தார். புதுச் சட்டையைப் போட்டிருந்தார். அது முன்பக்கம் திறந்தபடி தொங்கியது.

"பொத்தான் போட முடியல புள்ள. அதான் வரலை" என்றார்.

கையை எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டமாட்டேன் என்றார். பிடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் வெந்து, தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது.

"சாக்கு சுத்தியிருந்தீங்களே."

"அது மொதல்லயே நனைஞ்சு போச்சு. அப்பறம் உன்னால கொடத்தைத் தூக்க முடியல, டிரம்மு அடிக்குப் போகப் பாத்துது. கொழாயை நெரிச்சுப் புடிச்சா தண்ணி மெதுவாப் போகுமல்லோ. மெதுவாப் போனா சூடு ஜாஸ்தியாத்தான் வரும்."

அவர் அதை எஞ்சின் சங்கதியாகத்தான் சொன்னார். நான் நிதானமாக விட்ட ஒவ்வொரு மூச்சும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கற்றாழையைப் பிளந்து அவர் கையில் தடவினேன்.

"நின்னயா?" என்று கேட்டார்.

"நின்னேனுங்க."

அவர் தலையாட்டினார். மேலே கரையில் உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால் புருஷன் பக்கத்தில்கூட உட்காராத காலம் அது. பார்க்கட்டும் என்று நான் அவர் சட்டைக்கு மேலிருந்து கீழ் வரைக்கும் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டு, முழங்கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.